துணிக்கு அந்தப் பக்கம்

படத்துக்கு வாய் கிடையாது.
பத்தாங் பெர்ஜுந்தையில் அதற்கு நான்தான் வாய்.
ராத்திரிக்கு ஒரு வெள்ளி, ஒரு கோப்பை கோப்பி,
கையில் தகரக் குழல்,
தலையில் நாலாம் வகுப்பு இங்கிலீஷ்.

கித்தா ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு மூங்கில்,
நடுவே நாலு விரிப்பைச் சேர்த்துத் தைத்த திரை.
இந்தப் பக்கம் தொரை, கிராணிமார், கங்காணி:
நாற்காலி, பத்துக் காசு.
அந்தப் பக்கம் லயத்துச் சனம்:
தரை, இரண்டு காசு.
துணி நனைந்தால்தான் பின்னாலும் துலங்கும் என்று
படக்காரச் சீனன் இரண்டு வாளித் தண்ணீர் வீசுவான்.
அவர்களுக்கு எல்லாம் கைமாறித்தான் தெரியும்.
குதிரைக்காரன் இடக்கையால் சுடுவான்.
எழுத்து கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்.
நேராக ஓடினாலும்
படிக்கிறவர் அங்கே யார்?

அன்றைக்குச் சாராயக்கடைக்காரி ஒருத்தியின் படம்.
புழுதி ஊர். பலகை வீடுகள். ரயில் இன்னும் எட்டாத இடம்.
முழங்கை ஊன்றி நிற்கிறாள், பல்லிடுக்கில் சுருட்டு,
பார்க்காமலே வலக்கையால் ஊற்றுகிறாள்.
எனக்குத் தெரிந்த நிற்பு.
ரயில் கொட்டகைக்குப் பின்னால்
காத்தாயி அப்படித்தான் நிற்பாள்:
சம்சுப் பீப்பாய் இரண்டின்மேல் ஒரு பலகை,
பலகைக்கு அடியில் தேய்ந்த பால்வெட்டு உளி,
சுவரில் கரிக்கோடுகள்.
பதினேழு கோடு என்னுடையது.

நெஞ்சில் தகர நட்சத்திரம் குத்திய ஒருவன்
காகிதம் ஒன்றைப் பலகைமேல் வைத்தான்.
அவள் பேசினாள். நெடுநேரம் பேசினாள்.
பிறகு எழுத்து வந்தது, நாலு வரி.
எனக்குப் பிடிபட்டது 'ஒருபோதும்' மட்டும்.

முன்வரிசையில் கங்காணி மீசையைத் தடவினார்.
தோட்டத்துக் கள்ளுக்கடை அவர் மச்சினனுடையது.
நான் குழலைத் தூக்கினேன்:
"ஐயா, புத்தி கெட்டுப் போனேன்.
கடையை உங்கள் காலடியில் வைத்தேன்.
இனி ஒருபோதும் ஊற்றமாட்டேன்."
நாற்காலிகள் கைதட்டின.

அப்போதுதான் திரை பேசியது.

"அவ அப்படிச் சொல்லலே."

பத்தடி உயர முகம், ஈரத்தில் மின்னும் உதடு,
குரல் சரியாக அங்கிருந்தே வந்தது.
சுழற்றியவன் கை தவறிப்போய்
அவள் இமை பாதியில் நின்று
மறுபடி மூடியது.

"இருவது வருசமா ஆம்பளைங்க வாயப் பாத்துத்தான் ஊத்துறேன்.
மழையில தகரம் அலறுறப்போ
எவன் என்னா கேக்குறான்னு காதா சொல்லும்?
அவ சொன்னது அது இல்ல."

"பின்ன என்னா சொன்னா?" இருட்டில் யாரோ.

"பாக்கியக் குடுத்துட்டுக் காயிதத்த நீட்டுடான்னா."

அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பில்
துணி காற்றுப் பிடித்ததுபோல் உப்பியது.
அதற்கப்புறம் என் குழலுக்கு வேலையில்லை.
துப்பாக்கி வெடித்தபோது எவனோ பால்வாளியை அறைந்தான்.
குதிரைக்குத் தண்ணி காட்டச் சொன்னாள்.
செத்தவனின் பாக்கியைத் தள்ளுபடி செய்தாள்.
தொரைகூடச் சிரித்தார், என்னவென்று தெரியாமல்.

கடைசியில் நட்சத்திரக்காரன் தோளில்
அவள் சாய்ந்தாள், கண்மூடி.
காத்தாயி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:
"இது அவ இல்ல.
வேற யாரையோ நிக்க வச்சிருக்கான்."

மறுநாள் பெரட்டில்
கங்காணி அவள் பெயரைத் தேடினார்.
எந்தப் பேரேட்டிலும் அவள் இல்லை.

பொழுது சாய்ந்து கடைக்குப் போனேன்.
என் வரிசையில் பதினெட்டாவது கோடு,
கரி உதிராமல், புதிதாக.

"நேத்து நான் குடிக்கலியே?"

"ஒனக்குப் பதிலா நாந்தானே பேசுனேன்.
அந்தக் கூலி."

மடியில் அந்த ஒரு வெள்ளி அப்படியே இருந்தது.
எடுத்துப் பலகைமேல் வைத்தேன்.
எண்ணவில்லை, கடித்துப் பார்க்கவில்லை.
ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளி
ஊற்றினாள்,

இடக்கையால்.
பதினேழு கோடு குடித்தவன்,
அன்றுதான் கவனித்தேன்.